எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்து? ஐரோப்பாவின் எரிவாயுக் கணக்கு

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் வலக்கரையில் மன்ஹைம் இருக்கிறது; இடக்கரையில் லூட்விக்ஸ்ஹாஃபன். பாலத்தில் நடந்தே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்விடலாம். மன்ஹைம் வீடுகளுக்கு மின்சாரமும் வாயுவும் வெப்பமும் வழங்குவது எம்.வி.வி. என்ற நிறுவனம். தன் வாயுக் குழாய் வலையை 2035-க்குள் மூடிவிடத் திட்டமிட்டிருப்பதாக 2024 நவம்பரில் அது அறிவித்தது. எதிர்க்கரையில் ஏறத்தாழ பத்துச் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன ஆலை. அந்த நிறுவனம் 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் செனியர் நிறுவனத்திடம் ஆண்டுக்கு 8 லட்சம் டன் வரை திரவ வாயு வாங்க ஒப்பந்தம் போட்டது. அது 2043 வரை ஓடும்.

ஒரே ஆறு, ஒரே நாடு, ஒரே சட்டம். ஒரு கரை வாயுவைத் தலைமுழுக நாள் குறித்துவிட்டது. மறுகரை இருபதாண்டுக்கு வாங்கிப் போட்டிருக்கிறது. இருவரில் ஒருவர் கணக்கில் பிசகியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். இருவர் கணக்கும் சரி என்பது என் எண்ணம். ஐரோப்பா யாரிடம் வாயு வாங்குவது என்ற கேள்வியில் விலையைவிட, எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவது என்பதே பெரிய விஷயம். அதைத்தான் இங்கே ஒப்பிடப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி.; அதாவது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகி உருளைக்குள் அடங்கிவிடும். இங்கே பேசுவது இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன். அது அவ்வளவு எளிதில் அடங்காது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால்தான் திரவமாகும். அப்போது அதன் கொள்ளளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே இந்த வணிகத்துக்கு நெடுந்தூரக் குழாய் வேண்டும், இல்லையென்றால் பல நூறு கோடி டாலர் பெறும் ஆலையும் கப்பலும் வேண்டும். போட்ட முதலை எடுக்க இருபது ஆண்டு ஆகும். விற்பவர் நீண்ட கையெழுத்துக் கேட்பதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது; அவருக்கும் கடன் கொடுத்த வங்கி இருக்கிறது.

ஆனால் வாங்குபவரின் நிலைமை வேறு. 2050-க்குள் பசுங்குடில் வாயு உமிழ்வை நிகர சுழியமாக்குவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது. ஜெர்மனியின் இலக்கு 2045. 2021-இல் ஒன்றியம் செலவிட்ட வாயு ஏறத்தாழ 412 பில்லியன் கன மீட்டர். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. அதில் 155 பில்லியன் ரஷ்யாவிலிருந்து வந்தது. போர் வந்து அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டபின், ஒன்றியத்தின் வாயுச் செலவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. கொஞ்சம் சிக்கனத்தால், கொஞ்சம் மிதமான குளிர்காலத்தால், கொஞ்சம் ஆலைகள் மூடியதால். போன தேவை முழுவதும் திரும்பிவரும் என்று சொல்ல ஆளில்லை. தேவை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதில்தான் சண்டை.

விலையை வைத்து ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஐரோப்பாவில் வாயுவின் விலையை நிர்ணயிப்பது டி.டி.எஃப். என்ற நெதர்லாந்துச் சந்தை. நார்வேயிலிருந்து குழாயில் வரும் வாயுவும் பெரும்பாலும் அந்தச் சந்தை விலையை ஒட்டித்தான் விற்கப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக நார்வே ஒரு காசும் குறைப்பதில்லை. 2022 ஆகஸ்டில் அந்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணி, அதாவது ஆயிரம் யூனிட் ஆற்றல் தரும் வாயு, 300 யூரோவைத் தாண்டியது. நெருக்கடிக்கு முந்தைய வழக்கமான விலை 20 யூரோவைச் சுற்றி. அந்தக் கோடையில் எல்லோரிடமும் எல்லா வாயுவும் ஒரே கொள்ளை விலைதான். விற்பவருக்கு விற்பவர் மாறுவது மூன்று விஷயம்: எத்தனை ஆண்டுக் கட்டு, வேண்டாமென்றால் விலகும் வழி, வரத்து நின்றுபோகும் ஆபத்து.

இந்த மூன்றில் ரஷ்யாவை வைத்துப் பார்த்தால் பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது. 1970-இல் மேற்கு ஜெர்மனி குழாய் கொடுக்க, சோவியத் ஒன்றியம் வாயு கொடுக்க, எசன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் பனிப்போர் முழுவதும் தாக்குப்பிடித்தது. அந்த நினைவில்தான் ஐரோப்பா தூங்கிவிட்டது. 2006-லும் 2009-லும் ஜனவரிக் குளிரில் உக்ரைன் வழியாக வந்த வாயு நின்றபோதும் முழுவதாக விழிக்கவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலத்தடிக் கிடங்கான ரேடன், ரஷ்ய அரசின் வாயு நிறுவனமான காஸ்ப்ரோம் பிடியில் ஏறத்தாழ காலியாகக் கிடந்தது. அதற்குப்பின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஜெர்மனியின் யூனிப்பர் நிறுவனம் காஸ்ப்ரோமுடன் போட்ட ஒப்பந்தங்கள் 2030-களின் நடுப்பகுதி வரை நீள்பவை. 2022-இல் வாயு வரவில்லை. சந்தையில் கொள்ளை விலைக்கு வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்ததில் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்து, அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024-இல் நடுவர் மன்றம் யூனிப்பருக்கு 1,300 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு தீர்ப்பளித்தது. தீர்ப்பு கையில் இருக்கிறது.

2025 ஜனவரி 1-ஆம் தேதியோடு உக்ரைன் வழி வரத்தும் நின்றது. 2027 இலையுதிர் காலத்துக்குள் ரஷ்ய வாயு முழுவதையும் நிறுத்த ஒன்றியம் முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் சமாதானம் வந்தால் திரும்பலாமே என்று ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் மட்டுமல்ல, ஜெர்மனியிலேயே சிலரும் சொல்கிறார்கள். நார்ட் ஸ்ட்ரீமின் நான்கு குழாய்களில் ஒன்று வெடிப்பில் சேதமாகாமல் கடலடியில் கிடப்பதும் அவர்களுக்கு ஒரு நப்பாசை. என்னைக் கேட்டால், பத்து சதவீதமல்ல, முப்பது சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் இது ஆகாது. ஒரு குளிர்காலத்தில் யூனிப்பர் இழந்தது பல ஆண்டுத் தள்ளுபடியை விழுங்கிவிடும்.

நார்வே, இருப்பவற்றில் நல்ல தேர்வு. ஆண்டுக்கு 120 பில்லியன் கன மீட்டருக்குச் சற்று மேல் எடுக்கிறது. ஒன்றியத்தின் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. அதன் அரசு நிறுவனமான எக்வினோர், ஜெர்மனியின் செஃபே நிறுவனத்துடன் ஆண்டுக்கு 10 பில்லியன் கன மீட்டருக்கு 2023 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. அது 2034 வரை. விரும்பினால் மேலும் ஐந்தாண்டு. பத்து ஆண்டு, பிறகு விருப்பத்துக்கு விட்ட ஐந்து ஆண்டு! தேவை குறைந்துகொண்டே போகும் கண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை. ட்ரோல் போன்ற பெரிய வயல்களின் காலம் போய், 2030-களில் நார்வேயின் வரத்தும் குறையத் தொடங்கும் என்பதே அங்குள்ளவர்களின் கணிப்பு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வேகத்தில் வயதாகிறது. அந்தவரை நல்ல ஜோடி.

குறை இல்லாமல் இல்லை. 2024 ஜூனில் வட கடலில் ஸ்லைப்னர் என்ற மேடையில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றில் விரிசல் விட்டது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அளவுதான். அதற்காக நார்வேக் கரையில் உள்ள நியூஹாம்னா பதப்படுத்தும் ஆலை நின்றது. அன்றே ஐரோப்பா முழுவதும் வாயு விலை துள்ளியது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரே மூலத்தை நம்பினால் இரண்டு அங்குலமே போதும்.

மீதிக்கு எல்.என்.ஜி.தான்; அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. ஒரு கப்பலில் வரும் திரவம் விரிந்தால் ஏறத்தாழ 10 கோடி கன மீட்டர் வாயு. 2021-இன் ரஷ்ய வாயு முழுவதையும் கப்பலில் கொண்டுவர ஆண்டுக்கு 1,500-க்கும் மேற்பட்ட நடை வேண்டும். இவ்வளவு விற்க உலகில் இரண்டு பேர்தான் பெரிய அளவில் புதிய ஆலை கட்டுகிறார்கள்: அமெரிக்காவும் கத்தாரும். இந்த இருவரின் ஒப்பந்தத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அமெரிக்க ஒப்பந்தத்தில் விலை பொதுவாக இரண்டு துண்டு. லூசியானாவில் ஹென்றி ஹப் என்ற குழாய்ச் சந்திப்பின் சந்தை விலையில் 115 சதவீதம் ஒன்று. திரவமாக்கும் கட்டணம் இன்னொன்று. அது பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு (வாயுவை அளக்கும் வெப்ப அலகு; இங்கே வரும் டாலர் கணக்கெல்லாம் அந்த அளவுக்கே) இரண்டரை டாலரை ஒட்டி இருக்கும். ஹென்றி ஹப்பில் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.45-உடன் 2.50 சேர்த்தால் 5.95. கப்பல் கூலியும் இறக்கி வாயுவாக்கும் செலவும் ஒன்றரை டாலர் என்றால் ஐரோப்பாவில் அடக்க விலை ஏழரை டாலரை நெருங்குகிறது. அப்போது ஐரோப்பாவில் சந்தை விலை 4 டாலருக்கு விழுந்துவிட்டால்? ஏற்றினால் மூன்றரை டாலர் நட்டம். ஏற்றாமல் விட்டால் திரவமாக்கும் கட்டணம் இரண்டரை டாலரை மட்டும் அழுதுவிட்டு விலகிக்கொள்ளலாம். வாங்கிய சரக்கை ஐரோப்பாவில்தான் இறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜப்பானில் நல்ல விலை கிடைத்தால் கப்பலைத் திருப்பிவிடலாம். இது ஏட்டளவு வசதி அல்ல. 2020 கோடையில், கொரோனாவால் தேவை விழுந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கச் சரக்குகளை வாங்குபவர்கள் இப்படித்தான் ரத்து செய்தார்கள்.

கத்தாரின் தாள் வேறு ரகம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம். விலை பெரும்பாலும் கச்சா எண்ணெயைத் தொடர்ந்து போகும். எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்பதிலும் கத்தாருக்குப் பிடி இருக்கும். 2023 அக்டோபரில் ஷெல், டோட்டல் எனர்ஜிஸ், எனி ஆகிய மூன்று நிறுவனங்களுடன் முறையே நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலிக்கு 27 ஆண்டு ஒப்பந்தம் போட்டது கத்தார். தொடக்கம் 2026 என்று குறித்தது. கூட்டிப் பாருங்கள், 2053 வருகிறது. நிகர சுழியத்துக்கு மூன்று ஆண்டு பின்னே! ஷெல் போன்ற உலகளாவிய நிறுவனம் மிஞ்சிய சரக்கை எங்காவது பேசித் தள்ளிவிடும். மன்ஹைம் போன்ற ஒரு நகர நிறுவனம் இதில் கையெழுத்திட்டால் 2040-களில் வாடிக்கையாளர் இல்லாத வாயுவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

கத்தாருக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். உற்பத்திச் செலவில் அதை வெல்ல ஆளில்லை. விலைப் போர் வந்தால் கடைசி வரை நிற்பது அதுதான். ஆனால் கப்பல் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தாக வேண்டும். செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், 2024 முதல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரவும் நேர்ந்தது. ஒன்றியம் நிறுவனங்களுக்குப் புதிய சுற்றுச்சூழல், மனித உரிமைப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, அதை அப்படியே அமல்படுத்தினால் ஐரோப்பாவுக்கு விற்பதையே நிறுத்துவோம் என்று கத்தார் அமைச்சர் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு ஒன்றியம் அந்தச் சட்டத்தைத் தளர்த்த ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2024-இல் ஒன்றியம் இறக்கிய எல்.என்.ஜி.யில் ஏறத்தாழ 45 சதவீதம் அமெரிக்காவுடையது. இன்னும் கூடிக்கொண்டு போகிறது. 2024 ஜனவரியில் ஓர் அதிபர் புதிய ஏற்றுமதி அனுமதிகளை நிறுத்திவைத்தார்; ஓராண்டில் அடுத்தவர் அதை விலக்கினார்; 2025 கோடையில் வணிகப் பேச்சில் 75,000 கோடி டாலர் எரிசக்தி வாங்குவதாக ஐரோப்பாவிடம் வாக்கு வாங்கினார். மூன்றே ஆண்டில் அவ்வளவு வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஆனால் வாயு மீண்டும் அரசியல் மேசைக்கு வந்துவிட்டதற்கு அது அடையாளம். இருந்தும் இருவரில் ஒருவர் என்றால் என் கை அமெரிக்கத் தாளுக்கே போகும். விலகும் விலை இன்னதென்று முதல் நாளே எழுதியிருக்கிறது.

அப்படியானால் ஒப்பந்தமே வேண்டாம், அவ்வப்போது சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் உண்டு. 2022-இல் ஐரோப்பா அதைத்தான் செய்தது, பணமிருந்ததால் பிழைத்தது. அந்த விலையை வேறு சிலரும் கொடுத்தார்கள். மேலே சொன்ன செஃபே, முன்பு காஸ்ப்ரோம் ஜெர்மானியா என்ற பெயரில் இருந்தது. அதன் கிளை வழியாகத்தான் நம் கெயில் நிறுவனத்துக்கு, 2012-இல் போட்ட 20 ஆண்டு ஒப்பந்தப்படி, எல்.என்.ஜி. வந்துகொண்டிருந்தது. 2022-இல் அந்த நிறுவனத்தை ஜெர்மனி தன் பொறுப்பில் எடுக்க, ரஷ்யா தடை விதிக்க, இந்தியாவுக்கு வரவேண்டிய கப்பல்கள் வராமல் போயின. கெயில் தன் வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. லண்டன் நடுவர் மன்றம் வரை போன வழக்கு 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமானது. பாகிஸ்தானின் கதை இன்னும் பாவம்: 2022 ஜூலையில் பத்துக் கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது, ஒருவரும் விலை கேட்டு வரவில்லை. சந்தையை நம்பி இருப்பது என்றால், குளிர்காலத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் கொடுக்கும் தெம்பை நம்பி இருப்பது.

சொந்த மண்ணில் இல்லையா? இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில், 1959-இல் கண்டுபிடித்த வயலில், இன்னும் ஏறத்தாழ 450 பில்லியன் கன மீட்டர் மிச்சமிருக்கிறது. 2012 ஆகஸ்டில் ஹுய்ஸிங்கா என்ற சிற்றூரில் 3.6 அளவு நிலநடுக்கம். அளவு சிறிதுதான், ஆனால் அரைநூற்றாண்டாக வாயு எடுத்ததால் தளர்ந்த மண், ஆழம் குறைந்த அதிர்வு, செங்கல் வீடுகள். சுவர்கள் வாய் பிளந்தன. 2022-இல் விலை உச்சத்தில் இருந்தபோதும் அந்தக் கிணறுகளை அரசு திறந்துவிடவில்லை. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு சட்டம் போட்டே மூடினார்கள். கருங்கடலில் ருமேனியா 2027-இல் நெப்டியூன் டீப் வயலைத் திறக்கப்போகிறது. மொத்தமே 100 பில்லியன் கன மீட்டர் அளவு. அஸர்பைஜான் குழாய் ஆண்டுக்குப் பத்து பில்லியனைச் சுற்றி; இருபதாக்குவோம் என்ற 2022 வாக்கு மெல்ல நகர்கிறது. அல்ஜீரியா இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் நல்ல துணை. அதன் உள்நாட்டுத் தேவையும் வளர்வதால் பெரிதாகக் கூட்ட இயலாது. மாட்டுச்சாணத்திலும் பயிர்க்கழிவிலும் எடுக்கும் உயிரி மீத்தேனில் டென்மார்க் மட்டும் சாதித்திருக்கிறது. அங்கே குழாயில் ஓடுவதில் ஏறத்தாழ 40 சதவீதம் அதுவே. பன்றிப் பண்ணைகள் நிறைந்த சிறு நாட்டால் முடிந்ததை 2030-க்குள் கண்டம் முழுவதற்கும் 35 பில்லியன் கன மீட்டர் என்று எழுதிவைத்தது காகிதக் கணக்கு.

மிகப் பெரிய வயல் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. ஹீட் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்தது போன்றது. வெளிக்காற்றிலோ ஆற்றிலோ உள்ள வெப்பத்தை உள்ளே தள்ளும். ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம். அந்த மின்சாரமும் வாயுவில்தானே வருகிறது என்பார்கள். வரட்டும். 100 அலகு வாயுவை நவீன மின்நிலையத்தில் எரித்தால் 55 அலகு மின்சாரம். அது ஹீட் பம்ப் வழியாக 165 அலகு வெப்பம். அதே 100 அலகை வீட்டுக் கொதிகலனில் எரித்தால் 90 சொச்சம். மன்ஹைமில் ரைன் ஆற்றுத் தண்ணீரிலிருந்தே வெப்பம் எடுக்கும் 20 மெகாவாட் பம்பை 2023-இல் நிறுவிவிட்டார்கள். எம்.வி.வி. துணிந்து 2035 என்று சொன்னதற்கு அதுவும் காரணம். வாடிக்கையாளர் ஒவ்வொருவராக விலக, மிச்சமிருப்பவர் தலையில் குழாய்ப் பராமரிப்புச் செலவு ஏறும். இழுத்தடிப்பதைவிடத் தேதி சொல்லி மூடுவதே நேர்மை. ஆனால் வேகம் குறைவு. புதிய கொதிகலன்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த 2023 சட்டம் பெர்லின் கூட்டணியையே ஆட்டிவைத்தது.

எதிர்க்கரைக்கு இந்த வழி திறக்கவில்லை. பி.ஏ.எஸ்.எஃப்.புக்கு வாயு வெறும் எரிபொருள் அல்ல. அம்மோனியாவின் மூலப்பொருளே அதுதான். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யும் உலகின் முதல் ஆலை 1913-இல் திறந்தது அங்கேதான். அங்கிருந்த இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக 2023-இல் அறிவித்தார்கள். மற்றதை ஓட்ட வேண்டுமானால் நிச்சயமான வரத்து வேண்டும். 2043 வரை என்பது அவர்களுக்கு நீண்ட காலம் அல்ல.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஆண்டுத் தேவை குறைவதால் குளிர்காலத்தின் மிகக் கடுமையான நாளின் தேவை அதே அளவு குறைந்துவிடாது. சூரியனும் இல்லை, காற்றும் இல்லை என்ற நாட்களுக்கு ஜெர்மன் மொழியில் தனிச் சொல்லே உண்டு: டுங்கெல்ஃப்ளாவ்டே. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி அப்படி ஒரு நாள். மாலை ஒரு மணி நேரத்துக்கு மின்சாரம் மெகாவாட் மணிக்கு 900 யூரோவைத் தாண்டியது. அன்று எரிந்தது வாயுவும் நிலக்கரியும்தான். வீடுகள் ஹீட் பம்புக்கு மாற மாற அந்த நாளின் பாரம் மின்நிலைய வாயுமீது ஏறும். ஆண்டு முழுவதும் சும்மா இருந்து பத்து நாள் மட்டும் உழைக்கும் கிடங்கும், கப்பலில் வரும் திரவத்தை இறக்கி வாயுவாக்கும் முனையமும் தேவை. அதற்கு யார் காசு கொடுப்பது?

இதற்கு நல்ல விடை லிதுவேனியாவின் கிளைப்பேடா துறைமுகத்தில் நிற்கிறது. 2014 அக்டோபரில் வந்து சேர்ந்த 294 மீட்டர் நீள மிதக்கும் முனையம்; கப்பலின் பெயர் ‘இன்டிபென்டன்ஸ்’, அதாவது சுதந்திரம். சிறிய நாட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கப்பல், பாதி நாள் சும்மா நிற்கிறதே, வாடகை தண்டமாயிற்றே என்று உள்ளூரில் ஏச்சு. ஆனால் கப்பல் வரப்போகிறது என்றதுமே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்தது. 2022 ஏப்ரலில் ரஷ்ய வாயுவை ஒன்றியத்தில் முதலாவதாக நிறுத்த லிதுவேனியாவால் முடிந்ததும் அந்தக் கப்பலால்தான்.

ஜெர்மனியும் 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் இப்படியொரு கப்பலைக் கட்டி நிறுத்திச் சமாளித்தது. லுப்மினில் நிறுத்திய கப்பலை 2024-இல் அவிழ்த்து முக்ரானுக்குக் கொண்டுபோனார்கள். தேவை இடம் மாறியது, முனையமும் மாறியது. இதற்கிடையே எல்பே ஆற்றங்கரையில் ஸ்டாடேயில் நிலத்தில் நிரந்தர முனையம் எழும்புகிறது. இந்த இரண்டில் நான் மிதப்பதன் பக்கம். ஓர் ஆண்டு வாடகை அதிகம் என்றாலும், 2038-இல் வேண்டாமென்று தோன்றினால் கயிற்றை அவிழ்த்துவிடலாம். லிதுவேனியா பத்தாண்டு வாடகைக்கு வைத்திருந்தது; 2024 முடிவில் கெடு வந்தபோது கணக்குப் பார்த்துக் கப்பலையே விலைக்கு வாங்கிக்கொண்டது.